பழைய ஜன்னலில் ஒரு நாற்றுப் பெட்டி

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில், டிசம்பர், ஜனவரி மாதங்களின் தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் உறைபனி விழுகிறது. வீட்டுத் தோட்டத்து இளநாற்றுகள் விடிவதற்குள் கருகிவிடுகின்றன. அவற்றைக் காக்கக் கண்ணாடி மூடியிட்ட ஒரு பெட்டி போதும். பகல் வெயிலில் சூடேறிய மண் இரவில் வெளிவிடும் வெப்பத்தை மூடி தடுத்து நிறுத்துகிறது.

இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பிரித்த வீட்டின் ஜன்னல் மூடியாகும். அதன் அளவுக்கேற்பச் செங்கல்லாலோ பலகையாலோ அடிப்பாகமற்ற பெட்டியை அமைக்கலாம். பின்சுவர் ஒன்றரை அடியும் முன்சுவர் ஓரடியும் இருந்து, சரிவு தெற்கு நோக்கினால் குளிர்கால வெயில் நன்கு விழும். வெயில் ஏறியதும் மூடியைத் திறந்து, மாலையில் மூட வேண்டும். இல்லையேல் நாற்றுகள் வெந்துவிடும்.

ஆயினும் பழைய பொருள்கள் யாவும் உகந்தவை அல்ல. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய ஜன்னலின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதைச் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ வேண்டாம். அத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பூச்சில்லாத மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ நன்று. ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பூச்சிமருந்து டின் ஆகியவற்றை அறவே தவிர்க்கவும்.

அறுப்பது, ஆணி அடிப்பது, கண்ணாடியைத் தூக்குவது ஆகியவற்றை உடனிருப்போர் செய்யட்டும். நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதிக்கும் வரை பாரம் தூக்கலாகாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு ஆணி தைத்தாலும் தெரியாது. அவர்கள் மூடிய காலணி அணிந்து, வேலை முடிந்ததும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காயம்பட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவரை அணுகவும். புற்றுநோய் மருந்து பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் மண், மக்கிய உரம் ஆகியவற்றைத் தொடுமுன் எங்களைக் கேட்பது அவசியம். அவற்றிலுள்ள பூஞ்சை நுண்துகள் நுரையீரலைத் தாக்கலாம்.

நடமாட இயன்ற மற்றவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஒரு சிறு பொறுப்பு: மூடி எடை குறைந்ததாயின், காலையில் திறப்பதும் மாலையில் மூடுவதும் நோயாளியின் வேலையாகவே இருக்கட்டும். நாளுக்கு இருமுறை படுக்கையை விட்டு எழுந்து நடக்க அது ஒரு காரணமாகும். நாற்று வளர்வதைக் காணும் ஆவல், நாங்கள் சொல்லும் அறிவுரையை விட அவரை எளிதில் எழுப்பிவிடும்.