மெட்ரோ கடனுக்கு மார்க் போடுவது யார்? அரும்பாக்கம் சொல்லும் பாடம்

மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என எங்கே போனாலும் சில வருஷங்களாக ஒரே காட்சிதான்: பச்சைத் தடுப்பு, டைவர்ஷன், டிராஃபிக். காரணம், சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம். நீளம் 118.9 கி.மீ., மதிப்பீடு ரூ.63,246 கோடி. இதில் கலங்கரை விளக்கம் - மயிலாப்பூர் - பனகல் பார்க் சுரங்கப்பாதைக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும், அடையாறு வழித்தடத்துக்கு ஜப்பானின் ஜைக்காவும் கடன் தருகின்றன.

கடனைத் திருப்பிக் கட்டப்போவது நம் வரிப்பணம். சரி, திட்டம் ஜெயித்ததா இல்லையா என்று யார் சொல்வார்கள்? எப்போ சொல்வார்கள்?

எப்படி மதிப்பிடுகிறார்கள்?

பெரிய வளர்ச்சி வங்கிகளில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஜைக்கா, பொதுவாகத் திட்டம் முடிந்த மூன்று ஆண்டுகளுக்குள் மதிப்பிடுகிறது. கேட்கப்படும் கேள்விகள் ஆறு. திட்டம் தேவையானதா? மற்ற திட்டங்களோடு ஒத்துப்போகிறதா? இலக்கை எட்டியதா? செலவுக்கேற்ற பலன் உண்டா? மக்கள் வாழ்க்கை மாறியதா? பலன் நீடிக்குமா?

கடைசி இரண்டுக்கும் மூன்றே வருஷத்தில் பதில் கிடைத்துவிடுமா? அங்கேதான் சிக்கல்.

சென்னையிலேயே நடந்த கதை

1977-ல் உலக வங்கி உதவியுடன் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் வீடு கட்டித் தரவில்லை. சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதியோடு சின்னச் சின்ன மனைகளைக் கொடுத்தார்கள். 'கையில் காசு சேரச் சேர நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்' என்பதுதான் ஐடியா.

ஆனால், இந்த மாதிரித் திட்டங்கள் மீது பல புகார்கள் எழுந்தன. ஊருக்கு வெளியே இருக்கு, குடியேற்றம் மந்தம், தவணை வசூல் சரியில்லை. நாளடைவில் உலக வங்கியே இவற்றைக் கைவிட்டது.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு, சென்னை, மும்பை மனைகளை 20 ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தது. பல வருமானப் பிரிவினரும் கலந்து வாழும் துடிப்பான குடியிருப்புகளாக அவை மாறியிருந்தன. தோல்வி என்று நினைத்தது வெற்றியா என்று ஆய்வின் தலைப்பே கேட்டது.

தான்சானியா என்ன சொல்கிறது?

ஆய்வாளர்களில் உலக வங்கியைச் சேர்ந்தவரும் இருந்தாரே என்று சந்தேகம் வரலாம். ஆனால் தான்சானியாவில் 1970-80களில் நடந்த இதே வகைத் திட்டங்களை லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஆராய்ந்து, 2021-ல் முடிவை வெளியிட்டது. காலி நிலத்தில் முன்கூட்டியே மனை பிரித்த இடங்களில், பல பத்தாண்டுகள் கழித்து, அக்கம்பக்கத்தைவிடத் தரமான வீடுகள் இருந்தன. ஏற்கெனவே மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகளில் பின்னால் வசதி செய்து கொடுத்த இடங்களில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அதே வங்கி, அதே நாடு, ரிசல்ட் வேறு. இந்த வித்தியாசம் தெரிய இத்தனை காலம் ஆனது.

நமக்கு என்ன?

'இருபது வருஷம் பொறுங்க' என்று சொல்லித் தப்பிக்க இது சாக்கு அல்ல. வியாபாரம் படுத்த கடைக்காரருக்கும், இடம் மாற்றப்பட்ட குடும்பத்துக்கும் நஷ்டம் இன்றைக்கே. அதை இன்றைக்கே கணக்கில் எடுக்க வேண்டும். ரயில் ஓடத் தொடங்கியதும் வரும் பயணிகள் எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றி, தோல்வி என்று முடிவு கட்டவும் கூடாது. மெட்ரோ வந்தபின் மயிலாப்பூரில் வாடகை கொடுத்துக் குடியிருக்க யாரால் முடிகிறது என்ற கேள்விக்கு, முதல் ரிப்போர்ட் கார்டில் பதில் இருக்காது. இரண்டாவது ரிப்போர்ட் கார்டையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.