சாவி எங்கே வைத்தேன்?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததே, அதை எங்கள் ஊர்க்காரர்கள் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை! தட்டாஞ்சாவடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விடியற்காலை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. அரிசி டின்னைத் தூக்கிப் பரண் மேல் வைத்தேன். கேஸ் சிலிண்டரைக் கட்டினோம். அத்தையைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனோம். மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் யாருமே நினைக்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு இவர் சொன்னார், "பழசுதானே, போனா போகட்டும்." எனக்கோ அடிவயிறு கலங்கியது. லேப்டாப் ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன்பே உயிரை விட்டுப் பரணில் கிடக்கிறது. இப்போது இதுவும் போச்சு. அத்தையின் பென்ஷன் விவரம் முழுக்க அதில்தான் இருந்தது.

மாமா பிரான்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின் அத்தைக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. வருஷா வருஷம் 'உயிரோடு இருக்கிறார்' என்ற சான்றை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். இப்போதெல்லாம் படிவத்தை இறக்கி, கையெழுத்து வாங்கி, இன்டர்நெட்டிலேயே அனுப்பிவிடலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட், அதற்குக் கொடுத்த ஈமெயிலின் பாஸ்வேர்ட் இரண்டையும் பயர்பாக்ஸ் பிரவுஸரே ஞாபகம் வைத்திருந்தது. நான் ஏன் மனப்பாடம் செய்யப்போகிறேன்? அந்த வருஷம் கெடு டிசம்பர் கடைசி.

நனைந்த கம்ப்யூட்டரை 'வேலை செய்யுதா பார்க்கலாம்' என்று ஸ்விட்ச் போடாதீர்கள், சகோதரிகளே! ரிப்பேர் கடைக்காரர் எனக்கு முதலில் சொன்னது அதுதான். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால் அதைக் கழற்றி, ஒரு கூட்டில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் ஒயர் சொருகிப் படித்துவிடலாம். பயர்பாக்ஸ் தன் சாமான்களையெல்லாம் 'புரொபைல்' என்ற ஒரே போல்டரில் வைக்கிறது. அதை அப்படியே எடுத்துப் போட்டால் புக்மார்க்கும் வரும், பாஸ்வேர்டும் வரும். குரோமில் புக்மார்க் மட்டும் சுலபமாக வரும். பாஸ்வேர்டைப் பழைய விண்டோஸோடு சேர்த்துப் பூட்டி வைத்திருப்பதால் வெறும் நகல் உதவாது. எங்கள் டிஸ்க்கோ 'டக் டக்' என்று சத்தம் போட்டதோடு சரி.

அப்புறம்தான் மகள் எப்போதோ 'சிங்க்' போட்டுக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. சிங்க் என்றால், பிரவுஸரில் இருப்பதன் ஒரு நகல் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் இருக்கும். செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கி, பயர்பாக்ஸ் போட்டு, என் ஈமெயிலைத் தட்டினேன். பாஸ்வேர்ட் கேட்டது. என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். ஊஹூம்! 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்று கீழே இருந்தது. அதை அழுத்தப் போகும் சமயம், பெங்களூரிலிருந்து மகள் போனில் கத்தினாள்.

"அம்மா, அழுத்தாதே! அழுத்தினா எல்லாம் அழிஞ்சிடும்!"

எனக்குப் புரியவில்லை. பாஸ்வேர்ட் மாற்றினால் சாமான் ஏன் அழிய வேண்டும்? அவள் பொறுமையாகச் சொன்னாள். பயர்பாக்ஸில் நம் பாஸ்வேர்டை வைத்துத்தான் சாமான்களைப் பூட்டுகிறார்கள். பீரோவைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, சாவியை நம் இடுப்பில் செருகிக்கொண்ட மாதிரி. அவர்களாலும் திறக்க முடியாது. சாவி தொலைந்துபோச்சு என்றால் வேறு பீரோ தருவார்கள், ஆனால் காலிப் பீரோ. 'மீட்புச் சாவி' என்று நீளமாக எழுத்தும் எண்ணும் கொண்ட ஒன்றை முன்கூட்டியே எடுத்து எழுதி வைத்திருந்தால் தப்பலாம். நான் எங்கே எடுத்தேன்?

"வேற எதிலயாவது பயர்பாக்ஸ் இருக்கா பாரும்மா. உன் பழைய போன்?"

தையல் மெஷின் டிராயரில் கண்ணாடி விரிசல் விட்ட போன் கிடந்தது. சார்ஜ் ஏற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். திறந்தால், ஆகா! எல்லா பாஸ்வேர்டும் இருக்கிறது! மகள் சொன்னபடி முதல் வேலையாகப் பென்ஷன் பாஸ்வேர்டையும் ஈமெயில் பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் பயர்பாக்ஸ் பாஸ்வேர்டை மாற்றினேன். பழைய போனில் புது பாஸ்வேர்டைப் போட்டதும் அது தன்னிடம் இருந்ததையெல்லாம் மறுபடி மேலே ஏற்றியது; கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பிலும் இறங்கிவிட்டது. நான் சேர்த்து வைத்திருந்த விந்தாலு செய்முறை உட்பட!

குரோம் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. சிங்க் ஓடிக்கொண்டிருந்தால், அதே கூகுள் கணக்கில் நுழைந்ததும் வந்துவிடும். பாஸ்வேர்ட் மறந்தாலும் போன் நம்பரை வைத்துக் கணக்கை மீட்கலாம். தனியாக ஒரு ரகசிய வாக்கியம் போட்டுப் பூட்டியவர்களுக்குத்தான் என்னைப் போன்ற கஷ்டம். ஆனால் எந்தக் கணக்கு என்று தெரிய வேண்டுமே! எதிர்வீட்டு அம்மாவுக்குப் போன் விற்ற கடைப் பையனே ஜிமெயிலும் ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்ட் அவனுக்கும் ஞாபகமில்லை, நம்பரும் பழைய சிம். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023 டிசம்பரிலிருந்து கூகுள் விதி வேறு வைத்திருக்கிறது.

இன்னொன்று. சிங்க் என்பது பத்திரப் பெட்டி இல்லை, கண்ணாடி. இங்கே தெரியாத்தனமாக ஒன்றை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அதனால் மாதம் ஒரு தடவை புக்மார்க்குகளைத் தனிக் கோப்பாக எடுத்துப் பென் டிரைவில் போடுகிறேன். பாஸ்வேர்டை அப்படிப் போடுவதில்லை; பூட்டில்லாத கோப்பு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

டிசம்பர் இரண்டாம் வாரமே சான்று போய்விட்டது. அத்தை கேட்டார்கள், "நான் இருக்கேன்னு அந்தப் பொட்டி சொன்னாத்தான் நம்புவாங்களா?" இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மீட்புச் சாவியை இப்போது எடுத்து எழுதிவிட்டேன். ஒரு தரம் உபயோகித்தால் தீர்ந்தது, மறுபடி புதிதாக எடுக்க வேண்டுமாம். ரேஷன் கார்டும் நகைச் சீட்டும் இருக்கும் டப்பாவில் போட்டு, டப்பாவை மேல்தட்டில் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமை தன் போனை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய சிம் கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டு வரச் சொன்னேன்.