கலங்கிய நீரில் நிறம் இழக்கும் மீன்கள்

விக்டோரியா ஏரியில் பல இனப் பெண் மீன்கள் நிறம் பார்த்துத்தான் துணை தேடுகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளுக்குப் பொதுவான இந்த ஏரியில், ‘சிக்லிட்’ குடும்பத்து மீன்கள் ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்குள் சுமார் 500 இனங்களாகப் பிரிந்தன. நம் சந்தைகளில் விற்கும் ஜிலேபிக் கெண்டையும் இதே குடும்பம்தான்.

இவற்றில் நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள் ஒரே பாறைகளுக்கிடையே வாழ்கின்றன. ஒன்றில் ஆண் சிவப்பு. மற்றதில் ஆண் நீலம். இரண்டும் இணைந்தால் பிறக்கும் குஞ்சுகளும் நலமாக வளர்ந்து இனம் பெருக்கும். ஆக, இவ்விரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பது பெண் மீனின் கண் மட்டுமே.

அந்தக் கண்ணைத்தான் மாசு மறைத்தது.

கரையோரக் காடுகள் அழிந்தன. வயல்களின் உரமும் ஊர்களின் கழிவுநீரும் ஏரியில் கலந்தன. அவற்றை உண்டு பாசி பெருகியது, நீர் கலங்கியது. கலங்கிய நீரில் முதலில் மங்குவது நீல ஒளி. ஓலே சீஹௌசனும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து 1997இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினர். ஆய்வகத்தில் வெள்ளை ஒளியில் பெண் மீன்கள் தம் இனத்து ஆணையே நாடின. நிற வேறுபாட்டை மறைக்கும் ஆரஞ்சு ஒளியில் அந்தத் தேர்வு குலைந்தது. ஏரியிலும் அப்படியே: தெளிந்த பகுதிகளில் பளிச்சென்ற நிறங்களும் பல இனங்களும் இருந்தன, கலங்கிய பகுதிகளில் மங்கிய நிறங்களும் குறைந்த இனங்களுமே மிஞ்சின. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நைல் பெர்ச் மீன் பல இனங்களைத் தின்று தீர்த்தது. அதற்குத் தப்பியவற்றை மாசு ஒன்றோடொன்று கலக்கவைத்தது.

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் நடந்தது வேறு விதம். அங்கே 1947 முதல் சுமார் 30 ஆண்டுகள், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகளிலிருந்து பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள் ஆற்றில் கலந்தது. அதன் அளவு சுமார் 6 லட்சம் கிலோ வரை இருக்கலாம் என்பது கணிப்பு. ஆற்றின் அடியில் வாழும் டாம்காட் மீன்களின் ஈரலில் கட்டிகள் வந்தன. ஆனாலும் அந்த மீன் அழியவில்லை. ஏன் என்பதை ஐசக் விர்ஜினும் சக ஆய்வாளர்களும் 2011இல் கண்டுசொன்னார்கள். உடலுக்குள் வரும் பிசிபியைப் பற்றிக்கொண்டு அதன் தீங்கைத் தொடங்கிவைப்பது ஒரு புரதம். ஹட்சன் டாம்காட்களில் ஏறக்குறைய அனைத்திலும் அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஆறு எழுத்துகள் இல்லை; அதனால் நஞ்சு அதில் சரியாக ஒட்டுவதில்லை. மாசில்லாத அண்டை ஆறுகளில் இந்த மாற்றம் மிக அரிது. மாற்றம் இல்லாதவை மடிய, உள்ளவை பெருகின. சில பத்தாண்டுகளில் நடந்த பரிணாமம் இது.

இதை மீனின் வெற்றி என்று கொண்டாட முடியாது. நஞ்சைத் தாங்கும் மீன் அதை உடலில் சுமந்தபடி பெரிய மீனுக்கு இரையாகிறது. நஞ்சும் கூடவே மேலே ஏறுகிறது. 2009 முதல் 2015 வரை ஹட்சனின் மேல்பகுதியில் நச்சுச் சேற்றை அள்ளினார்கள். அங்கே பிடிக்கும் மீனைச் சாப்பிட வேண்டாம் என்ற எச்சரிக்கை அதற்குப் பிறகும் நீங்கவில்லை.