நினைவு மங்கும் முன்னே ஆற்ற வேண்டியவை

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அங்கே நாற்பது ஆண்டுகள் வங்க மொழியில் பேரம் பேசிக் காய்கறி வாங்கிய பெரியவர் ஒருவர், வீடு திரும்பும் வழி தெரியாமல் ராஷ்பிகாரி அவென்யூவில் நிற்பதாகக் கொள்வோம். 'வயதானால் மறதி வருவது இயல்புதானே' என்று வீட்டார் விட்டுவிடலாகாது.

பாஸ்புக்கை வைத்த இடம் மறந்துபோவது இயல்பு. பணம் எடுத்ததையே மறந்து மறுநாளும் எடுக்க வருவது கவனிக்க வேண்டிய அறிகுறி. 1906-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த இந்நோயில், மூளையில் சில புரதங்கள் படிந்து நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. எனினும், தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி ஏற்படலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆதலால் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடுதல் கூடாது.

நோயாளியோடு வாதிடாமல், அன்றாட அலுவல்களை ஒரே ஒழுங்கில் அமைத்துத் தருவது அவருக்கு அமைதி தரும். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவக்கூடும் என்பதால், வங்கப் பணிப்பெண்ணுக்கு 'தண்ணீர்', 'வலி', 'பசி' முதலிய தமிழ்ச் சொற்களைக் கற்பித்து வைப்பது நன்று. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 வழிகாட்டுதல் அளிக்கும். 1992-இல் கேரளத்தில் தொடங்கப்பெற்ற ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பு கொல்கத்தாவிலும் கிளை கொண்டுள்ளது.

பணம் பற்றிய முடிவுகளை நோயின் தொடக்கத்திலேயே, அவர் தெளிவுடன் இருக்கையில், அவரையும் கலந்து எடுத்தல் வேண்டும். 'நியமனதாரர் இருக்கிறார், போதும்' எனப் பலர் எண்ணுகின்றனர். கணக்குதாரர் வாழும்வரை நியமனதாரர் கணக்கை இயக்க இயலாது. அதிகாரப் பத்திரமும் முழுப் பாதுகாப்பு அன்று: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அதை வழங்கியவர் மனத்தெளிவை இழந்தால் முகவரின் அதிகாரம் முடிவுறும். அதன்பின் நீதிமன்றத்தை நாட வேண்டிவரும். நம்பிக்கைக்குரிய உறவினருடன் 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்னும் முறையில் கூட்டுக் கணக்கு அமைப்பதும், உயில் எழுதுவதும் உரிய காலத்தில் செய்யத்தக்கவை. 70 வயது கடந்தோருக்கு இல்லம் தேடி அடிப்படை வங்கிச் சேவை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவுறுத்தியுள்ளது. அதுபற்றிக் கிளையில் கேட்டறியலாம்.

நினைவு அவரை விட்டு விலகினாலும், அவர் ஈட்டிய பொருள் அவருடைய மருந்துக்கும் உணவுக்கும் தடையின்றிப் பயன்பட வேண்டும். அதற்கான கையொப்பத்தை அவர் கைதான் இட வேண்டும், கை அறிந்திருக்கும்போதே.