மஞ்சள் தடத்தில் ஒரு பகல்

ரயில் மாறும் ஊர்கள் – 7

போன வாரம் விஜயவாடாவில் கனகதுர்க்கையைத் தரிசித்துவிட்டு வந்தோம். அங்கே மூன்று மணி நேரம் தாராளம். டெல்லி அப்படியில்லை. சென்னையில் இரவு பத்து மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 2,180 கிலோமீட்டர் ஓடி, இரண்டு இரவுகளுக்குப் பின் காலையில் புதுடெல்லியில் இறக்கிவிடுகிறது. ஹரித்வாருக்கோ அமிர்தசரஸுக்கோ போகிறவர்கள் பலர் அடுத்த வண்டியை இரவுக்குத்தான் பதிவு செய்திருப்பார்கள். நடுவே கிடைக்கும் பகல் டெல்லிக்குப் போதாது. ஆகவே எதைப் பார்ப்பது என்று யோசிப்பதைவிட எதை விடுவது என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஸ்டேஷன் வாசலிலேயே ‘டெல்லி தர்ஷன்’ பஸ்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், தாமரைக் கோயில், குதுப் மினார், அக்ஷர்தாம் என எல்லாம் ஒரே டிக்கெட்டில். அவர்கள் பொய் சொல்வதில்லை, எல்லாவற்றையும் காட்டத்தான் செய்வார்கள். ஆனால் சாயங்காலம் நினைத்துப் பார்த்தால், பஸ் நின்ற இடங்களும் வெயிலில் நின்ற வரிசைகளும்தான் ஞாபகம் வரும். என் யோசனை வேறு. மெட்ரோவின் மஞ்சள் தடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது தொடாத இடங்களை இந்தத் தடவை மறந்துவிடுங்கள். அக்ஷர்தாம் கோபித்துக்கொள்ளாது.

காரணம் இருக்கிறது. டெல்லி ஒரே ஊர் அல்ல. தெற்கே மெஹ்ரோலியில் முதல் சுல்தான்கள் கட்டிய ஊர். வடக்கே பதினேழாம் நூற்றாண்டில் ஷாஜகான் எழுப்பிய ஊர். இரண்டுக்கும் நடுவே, 1911 தர்பாரில் அறிவிக்கப்பட்டு 1931இல் திறந்துவைக்கப்பட்ட வெள்ளைக்காரர் தலைநகரம். வயதில் கடைக்குட்டி நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் தடம் இந்த மூன்று ஊர்களையும் கோத்துக்கொண்டு போகிறது.

முதல் வேலை, பெட்டிகளை க்ளோக் ரூமில் போடுவது. பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். கட்டைப்பையோடு கிளம்புகிறவர்கள் ஊரிலேயே இதற்கு ஒரு வழி செய்துகொள்வது நல்லது. மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். குடும்பத்தோடு போனால் இறங்க வேண்டிய நிலையத்தைப் பேசி வைத்துக்கொண்டு ஏறுங்கள். உங்களுக்குக் கிடைத்த நாள் திங்கட்கிழமையாக இருந்தால் செங்கோட்டையும் அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். ஞாயிறு என்றால் சாந்தினி சௌக்கில் பாதிக் கடைக்கு மேல் இருக்காது.

வெயில் ஏறுவதற்குள் தெற்குக் கோடிக்குப் போய்விட வேண்டும். ‘குதுப் மினார்’ நிலையத்திலிருந்து கோபுரத்துக்கு ஆட்டோதான் சரி. 72.5 மீட்டர் உயரம். 1199 வாக்கில் குத்புதீன் ஐபக் தொடங்கினார், அவர் மருமகன் இல்துத்மிஷ் உயர்த்தினார். இடி விழுந்து சிதைந்த உச்சியைப் பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் திருப்பிக் கட்டியபோது வெள்ளைப் பளிங்கும் சேர்ந்துகொண்டது. வேலை எங்கே கைமாறியது என்பதைக் கீழே நின்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1981இல் படிக்கட்டு நெரிசலில் பலர் இறந்த பிறகு யாரையும் மேலே ஏற விடுவதில்லை.

நிறையப் பேர் கோபுரத்தோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துப் பள்ளிவாசலின் தூண்களுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம் எல்லாம் தூணில் அப்படியே இருக்கின்றன. முகங்கள் மட்டும் செதுக்கி எடுக்கப்பட்டிருக்கின்றன. உயரம் போதாத இடத்தில் தூண் மேல் தூணாக நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூர்க் கோயில் மண்டபங்களில் வளர்ந்த கண்ணுக்கு கைடு தேவையில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் இரும்புத்தூண் அதைவிடப் பழசு. ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது. சந்திரன் என்ற அரசன் விஷ்ணுவுக்கு நாட்டிய கொடிமரம் என்று அதன் சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்கிறது. ஏன் துருப்பிடிக்கவில்லை என்பதை ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதினார். பழைய முறையில் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து காக்கிறது. தூணுக்கு முதுகைக் காட்டி நின்று கைகளைப் பின்னால் கோத்துவிட்டால் அதிர்ஷ்டம் என்று ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதியது. இப்போது சுற்றிலும் வேலி.

திரும்பும் வழியில் ‘லோக் கல்யாண் மார்க்’கில் இறங்குங்கள். பழைய பெயர் ரேஸ்கோர்ஸ். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காந்தி ஸ்மிருதி, அன்றைய பிர்லா மாளிகை. காந்தி தமது கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு. கட்டணம் கிடையாது. 1948 ஜனவரி 30 அன்று பட்டேலோடு பேச்சு நீண்டதால் ஐந்து மணிப் பிரார்த்தனைக்குத் தாமதமாகக் கிளம்பினார். அறையிலிருந்து அவர் நடந்த பாதையில் அடிச்சுவடுகளை சிமெண்டில் பதித்திருக்கிறார்கள். புல்வெளியில் அவை சட்டென்று நின்றுவிடுகின்றன. ராஜ்காட்டைவிட இந்த இடத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன். அங்கே மாலை போடுகிறார்கள், இங்கே யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ராஜீவ் சௌக். இட்லி தேடாதீர்கள், அதை ஊர் திரும்பியதும் வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம். ராஜ்மா சாவல் நம் வயிற்றுக்கு ஒத்துப்போகும்.

பழைய டெல்லியைச் சாயங்காலத்துக்கு ஒதுக்கியது வெயிலை நினைத்துத்தான். ஜும்மா மசூதியின் செங்கல் நிறக் கல் முற்றத்தில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், உச்சிவேளையில் கால் பொரிந்துவிடும். ‘சாவ்ரி பஜார்’ நிலையத்திலிருந்து நடந்தோ சைக்கிள் ரிக்ஷாவிலோ போகலாம். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை உள்ளே விட மாட்டார்கள்.

பிறகு சாந்தினி சௌக். செங்கோட்டைக்குள் போக நேரமில்லையென்றால் விசனம் வேண்டாம். 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்ளே பெரும்பகுதியை இடித்துவிட்டு பாரக்ஸ் கட்டினார்கள். மலேயாத் தமிழர் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகளை 1945இல் இங்கேதான் விசாரித்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு, வெளியே நின்று லாகூர் வாசலைப் பார்த்தால் போதும். அங்கிருந்து மேற்கே நடந்தால் சமணர் கோயில், அதன் வளாகத்திலேயே பறவைகளுக்கு ஒரு ஆஸ்பத்திரி, கௌரிசங்கர் கோயில், பாப்டிஸ்ட் சர்ச், 1675இல் குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்ட இடத்தில் நிற்கும் சீஸ்கஞ்ச் குருத்வாரா, அதை ஒட்டியே சுனேரி மசூதி. 1739இல் பாரசீகத்திலிருந்து படையெடுத்து வந்த நாதிர் ஷா இந்த மசூதியில் உட்கார்ந்துதான் ஊர் வெட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனையும் பத்து நிமிட நடைக்குள். பசித்தால் குருத்வாராவில் தலையைத் துணியால் மூடிக்கொண்டு பந்தியில் உட்காருங்கள், யார் எவர் என்று கேட்க மாட்டார்கள். தெம்பிருந்தால் தெருக்கோடியில் காரி பாவ்லி மசாலாச் சந்தைவரை போகலாம். மிளகாய் நெடியில் தும்மாமல் திரும்பியவர் இல்லை.

கடைசியாக ஒன்று. இரவு வண்டி எந்த ஸ்டேஷனிலிருந்து என்று டிக்கெட்டைக் காலையிலேயே பாருங்கள். சில வண்டிகள் புறப்படுவது ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து. மஞ்சள் தடம் அங்கே போகாது. பெட்டியைப் புதுடெல்லியில் போட்டுவிட்டு நிஜாமுதீனில் வண்டி ஏற வேண்டியவர்கள், சாந்தினி சௌக்கிலிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும்.

(அடுத்த வாரம்: இட்டார்சி)