வீட்டு மின்சாரச் செலவும் கூரைமேல் சூரிய மின்சாரமும்

சிக்கனமும் பரஸ்பர உதவியும் கூட்டுறவு இயக்கத்தின் இரு கண்கள் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தபோது, எளிய குடும்பங்களைக் கந்துவட்டியின் பிடியிலிருந்து மீட்பதே அதன் தலையாய நோக்கமாக இருந்தது. இன்று நெசவாளர் வீடாயினும் விவசாயி வீடாயினும், இரண்டு மாதத்திற்கொரு முறை தவறாமல் வாசலில் வந்து நிற்கும் செலவு ஒன்றுண்டு. அது மின்சாரக் கட்டணமாகும்.

அண்மைக் காலமாகச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம், "கூரைமேல் சோலார் போட்டுக்கொள்ளலாமா? அதற்குச் சங்கத்தில் கடன் கிடைக்குமா?" என்று அங்கத்தினர்கள் நம்மைக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்குரிய விடை வீட்டுக்கு வீடு வேறுபடும். கணக்குப் பார்த்துச் செய்தால் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயன் தரும் முதலீடு. கணக்குப் பாராமல் செய்தால் மற்றுமொரு கடன். ஆதலின், இதனைப் பற்றிச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கட்டணம் ஏறும் படிகள்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாக அளிக்கும் முறை 2016இல் தொடங்கியது. அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக உயர்கிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த விகிதப்படி, 400 யூனிட் வரை ஒரு யூனிட் 4 ரூபாய் 80 காசு. அதன்பின் 500 வரை 6 ரூபாய் 45 காசு. 600 வரை 8 ரூபாய் 55 காசு. 800 வரை 9 ரூபாய் 65 காசு. மொத்தச் செலவு 500 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு இரண்டாவது நூறு யூனிட்டுகள் ஏறத்தாழப் பாதி விலைக்குக் கிடைத்தன. 501ஆவது யூனிட்டை எட்டிய வீடு இந்தச் சலுகையை இழந்துவிடும். அந்த ஒரே யூனிட்டால் கட்டணம் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடிவிடும்!

இக்கட்டுரையில் வரும் கணக்குகள் யாவும் இந்த விகிதத்தை ஒட்டியவை. விகிதம் அவ்வப்போது மாறக்கூடியதாகையால், அங்கத்தினர்கள் தங்கள் கடைசிக் கட்டண ரசீதை வைத்துக்கொண்டு இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பது நலம்.

முதல் வேலை சிக்கனம்

ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்கு முன் ஓட்டையை அடைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் 640 யூனிட் செலவாகும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டணம் ஏறத்தாழ 3,326 ரூபாய். அவ்வீட்டில் மூன்று பழைய மின்விசிறிகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழல்கின்றன. பழைய விசிறி 75 வாட் இழுக்கிறது. 'பி.எல்.டி.சி.' மோட்டார் பொருத்திய புதிய விசிறிக்கு 30 வாட் போதும். இவ்வாறு மூன்று விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் 97 யூனிட் மிச்சமாகும். சோக்குடன் சேர்ந்து 50 வாட் பிடிக்கும் பழைய குழல்விளக்குகள் நான்கை எடுத்துவிட்டு, 20 வாட் எல்.இ.டி. குழல்களைப் பொருத்தினால், நாளுக்கு ஆறு மணி நேரக் கணக்கில் மேலும் 43 யூனிட் மிச்சம். ஆக 140 யூனிட் குறைந்து, 640 என்பது 500க்கு வந்து நிற்கிறது. 500 யூனிட்டுக்கான கட்டணமோ ஏறத்தாழ 1,845 ரூபாய்தான். ஒரு தடவைக் கட்டணத்தில் 1,400 ரூபாய்க்கு மேல் மிச்சம்!

இம்மாற்றத்திற்கு ஆகும் செலவு சுமார் 10,000 ரூபாய். ஏழெட்டுக் கட்டணங்களுக்குள், அதாவது ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், போட்ட முதல் கைக்கு வந்துவிடும். இத்தனை விரைவில் முதலைத் திருப்பித் தரும் முதலீடு வேறெதுவும் எளிதில் அகப்படாது.

விசிறி வாங்குவோர் நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். கூரைவிசிறிகளுக்கு இம்முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. குளிர்சாதனம் உள்ள வீடுகளில் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் அதன் மின்செலவில் நூற்றுக்கு ஆறு பங்கு வரை குறையும் என்பது எரிசக்திச் சேமிப்புத் துறையினரின் கணிப்பு.

கூரைமேல் விளையும் மின்சாரம்

சிக்கனம் செய்த பின்னரும் எஞ்சும் செலவுக்குத்தான் சூரிய மின்சாரம். நம் மாநிலத்து வெயிலில் ஒரு கிலோவாட் பலகை, ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் விளைவிக்கும். இரண்டு மாதத்திற்கு 240 யூனிட். இதற்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். பலகைகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். பகலில் வீட்டுக்குப் போக மிகுந்த மின்சாரம் வாரியத்தின் கம்பிக்குச் செல்லும். இரவில் அங்கிருந்து நாம் பெற்றுக்கொள்வோம். இருவழி மீட்டர் இவ்விரண்டையும் பதிவு செய்யும். வரவு போகச் செலவுக்கே கட்டணம். மிகுதியானால் அது அடுத்த கணக்கில் வரவு வைக்கப்படும். இதன்பேரில் கட்டமைப்புக் கட்டணம் ஏதும் உண்டா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிந்து கொள்க.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. மின்கலம் இல்லாத இவ்வகை அமைப்பு, வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து நேராதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே, மின்வெட்டுக்கு மாற்றாக இதனை நினைத்து வாங்குவோர் ஏமாற்றமடைவர்.

உதவித்தொகையும் கடனும்

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பிரதமர் சூரிய வீடு' திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. இதில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் உதவித்தொகை. எவ்வளவு பெரிய அமைப்பாயினும் 78,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. உள்நாட்டில் செய்த பலகைகளுக்கே இது பொருந்தும். அமைப்பு இயங்கத் தொடங்கிய பின்னரே தொகை வங்கிக் கணக்கில் சேரும். முழு விலையையும் முதலில் நாமே திரட்ட வேண்டியிருக்கும் என்பதை மறத்தலாகாது.

யாருக்கு ஆதாயம்?

மேற்சொன்ன 500 யூனிட் வீட்டையே மீண்டும் பார்ப்போம். ஒரு கிலோவாட் அமைப்புக்கு 70,000 ரூபாய் விலை என்றால், உதவித்தொகை போக 40,000 ரூபாய். செலவு 260 யூனிட்டாகக் குறைவதால், ஒரு தடவைக்கு ஏறத்தாழ 1,300 ரூபாய் மிச்சம். ஐந்தாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் முதல் திரும்பும். பலகையின் ஆயுள் 25 ஆண்டுகள். இடையில் ஒருமுறை இன்வெர்ட்டரை மாற்ற நேரலாம். அதனைக் கழித்தாலும் நல்ல ஆதாயமே.

அதே வீட்டுக்காரர், "பெரிதாகவே போடுவோம்" என்று இரண்டு கிலோவாட் போடுகிறார் எனக் கொள்வோம். விலை 1,30,000 ரூபாய் எனில் உதவித்தொகை போக 70,000 ரூபாய். கட்டணம் அறவே இல்லாமற் போகும், உண்மைதான். ஆனால் கூடுதலாகப் போட்ட 30,000 ரூபாய்க்குக் கிடைக்கும் கூடுதல் மிச்சமோ ஒரு தடவைக்கு 530 ரூபாய் அளவுதான். அந்தப் பணம் திரும்ப ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகும். முதல் கிலோவாட் விலை உயர்ந்த யூனிட்டுகளை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது மலிவான யூனிட்டுகளையே மிச்சப்படுத்துகிறது. இதுவே காரணம்.

இனி, இரண்டு மாதத்தில் 180 யூனிட் மட்டும் செலவழிக்கும் குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். அது செலுத்தும் கட்டணம் இருநூறு ரூபாய்க்குள். ஆண்டு முழுவதற்கும் சுமார் 1,150 ரூபாய். இக்குடும்பம் 40,000 ரூபாய் கடன் வாங்கினால், நூற்றுக்கு ஏழு வட்டியே முதலாண்டில் 2,800 ரூபாய்! மிச்சமாகும் தொகை வட்டிக்குக்கூடக் காணாது. கைத்தறி நெசவாளர்க்குரிய இலவச மின்சாரம் 2023 மார்ச்சில் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. அச்சலுகை பெறும் வீடுகளின் நிலையும் இதுவே. இத்தகையோர் விற்பனையாளரின் இனிய சொல்லுக்கு இணங்கிக் கையெழுத்திடாமல் இருப்பதே பெரிய சேமிப்பு.

நிறுவுமுன் கவனிக்க வேண்டியவை

கடைசி ஆறு கட்டண ரசீதுகளை எடுத்து, கோடை, மழைக்காலம் இரண்டிலும் ஆகும் செலவைக் காண்க. பக்கத்துத் தென்னையின் நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ எந்நேரத்தில் விழுகிறது என்று பார்க்க. ஒரு பலகையின்மேல் விழும் நிழல் அதனுடன் தொடராக இணைந்த மற்றவற்றின் விளைச்சலையும் குறைக்கக்கூடும். தறிக்கூடம் உள்ள ஊர்களில் பஞ்சுத் தூசியும், வயலோரங்களில் புழுதியும் படியும். காலை வேளையில் தண்ணீர்விட்டுத் துடைத்தல் வேண்டும். ஓட்டு வீடாயின் கூரை பாரம் தாங்குமா என்று அறிந்தவரிடம் கேட்க வேண்டும். பலகை, இன்வெர்ட்டர் இரண்டின் உத்தரவாதத்தையும் தனித்தனியே எழுத்தில் பெறுக.

சங்கங்கள் செய்யக்கூடியவை

தனி ஒருவர் கேட்கும் விலை வேறு. ஐம்பது பேர் சேர்ந்து கேட்கும் விலை வேறு. தேவையுள்ள அங்கத்தினர்களின் பட்டியலைச் சங்கமே தயாரித்து, பல நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டு, பராமரிப்புக்கும் சேர்த்து உடன்படிக்கை செய்துகொள்ளலாம். கடன் மனுவுடன் கட்டண ரசீதுகளையும் வாங்கிப் பார்த்து, மாதாமாதம் மிச்சமாகும் தொகைக்கு உட்பட்டுத் தவணையை நிர்ணயித்தல் நிர்வாகிகளின் கடமை. சங்கக் கட்டடத்தின் கூரையும் கிடங்கின் கூரையும் வீணே வெயிலில் காய்வதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

கூட்டு முயற்சிக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, 2006இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கி, தன் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை வாரியத்திற்கு விற்றது. குஜராத் மாநிலம் டுண்டி கிராமத்தில் ஆறு விவசாயிகள் சூரிய பம்புக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனத்திற்குப் போக மிகுந்த மின்சாரத்தை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்க ஒப்பந்தம் செய்துகொண்டனர். நெல்லையும் கரும்பையும் போல வெயிலும் அவர்களுக்கு ஒரு மகசூலாயிற்று.

வெயில் நமக்குக் குறைவில்லை. வேண்டுவது நிதானமும் கணக்கும் ஒற்றுமையுமே. முதலில் சிக்கனம், பின்பு அளவறிந்த முதலீடு, எல்லாவற்றிலும் கூட்டு முயற்சி என்ற வரிசையை அங்கத்தினர்கள் கடைப்பிடிப்பார்களாக. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திலேயே இதனை விவாதத்திற்கு எடுத்துக்கொண்டு, சங்க நிர்வாகிகள் ஆவன செய்வார்கள் என நம்புகிறோம்.