மணி அடித்த பிறகு

சென்ற ஞாயிற்றுக்கிழமை தென்னூரில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பெண் பி.எஸ்ஸி. இரண்டாவது வருஷம் ரசாயனம் படிக்கிறாள்.

"படிப்பு எப்படி அம்மா போகிறது?" என்று கேட்டேன்.

"பாடமெல்லாம் நன்றாகத்தான் நடத்துகிறார்கள், மாமா. இதை முடித்துவிட்டு என்ன செய்வது என்று யாரைக் கேட்பதென்றுதான் தெரியவில்லை."

"உங்கள் புரொபஸரைக் கேளேன்!" என்றார் தகப்பனார்.

"அவருக்கு என் பெயரே தெரியாது, அப்பா."

இந்தப் பதில் எனக்கு ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்தியது.

தென்னூரிலிருந்து பஸ் ஏறி மெயின் கார்டு கேட்டில் இறங்கினால் செயின்ட் ஜோசப் கல்லூரி. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு வந்த கலாசாலை. 1950-ல் ராமேசுவரத்துப் பையன் ஒருவன் இங்கே இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தான். 2002-ல் ஜனாதிபதியான அப்துல் கலாம்தான் அவர்.

ஆங்கிலப் பேராசிரியராகவும் ஹாஸ்டல் வார்டனாகவும் இருந்த செக்வேரா பாதிரியாரைக் கலாம் தம் சுயசரிதையில் மறக்காமல் எழுதியிருக்கிறார். ஹாஸ்டலில் சுமார் நூறு பையன்கள். பாதிரியார் இரவுதோறும் கையில் பைபிளுடன் ஒவ்வொரு பையனையும் போய்ப் பார்ப்பாராம். தீபாவளி வந்தால் அவர் உத்தரவுப்படி அறை அறையாக நல்லெண்ணெய் வந்துவிடும், எண்ணெய் ஸ்நானத்துக்கு! கலாமுடன் ஒரே அறையில் இருந்தவர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையன் ஒருவனும், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவன் ஒருவனும். பைபிளை ஏந்திய கை எண்ணெயையும் நினைத்ததே, அதை எந்தச் சர்வகலாசாலை விதியில் எழுத முடியும்?

ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வேறு மேற்படிப்பு உண்டென்றே அறியாமல் பி.எஸ்ஸி.யில் சேர்ந்ததாகக் கலாம் சொல்கிறார். தம் கனவுக்கு ஏற்றது பௌதிகம் அல்ல, இன்ஜினீயரிங் என்பது அவருக்குப் பட்டம் வாங்கிய பிறகுதான் புலப்பட்டது. இண்டர்மீடியட் முடிந்தவுடனேயே அதில் சேர்ந்திருக்கலாம். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, சுமார் ஆயிரம் ரூபாய் கட்டுவதற்காக அக்காள் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

எண்ணெய் கிடைத்த இடத்தில் இந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே என்று எனக்குத் தோன்றும். குற்றம் சொல்வதற்கில்லை. அதுவும் வாத்தியார் வேலைதான் என்று எண்ணியவர்கள் அந்நாளில் குறைவு.

எண்ணியவர் ஒருவர் இருந்தார். 1937-ல் பிரான்ஸிலிருந்து இதே செயின்ட் ஜோசப்புக்குக் கணிதம் கற்பிக்க வந்த ரசீன் பாதிரியார். பாரிஸில் எலீ கார்த்தான் என்ற மேதையிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1939-ல் சென்னை லயோலாவுக்குப் போய்விட்டார், நஷ்டம் திருச்சிக்கு! கணக்கில் கெட்டிக்காரன் என்றால் சர்க்கார் பரீட்சை எழுதிப் பெரிய உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்று வீட்டார் கனவு கண்ட காலம் அது. ரசீனோ தேர்ந்த மாணவர்களைப் பம்பாயிலுள்ள டாடா ஆராய்ச்சி நிலையத்தின் பக்கம் திருப்பிவிட்டார். 1953-ல் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் போனார்கள், 1957-ல் சி.பி. ராமானுஜம். 1965-ல் வெளிவந்த நரசிம்மன் – சேஷாத்ரி தேற்றம் உலகப் பிரசித்தம். தம்மிடமே வைத்துக்கொள்ள நினைத்திருந்தால் அந்தப் பையன்கள் நல்ல மார்க்கு வாங்கியதோடு நின்றிருக்கலாம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட விதிகளில் ஆசிரியருக்கு வாரம் 40 மணி வேலை. அதில் உதவிப் பேராசிரியருக்கு வகுப்பு 16 மணி; பேராசிரியருக்கு 14. மாணவருக்கு வழிகாட்ட நேரம் ஒதுக்கவும் விதி சொல்கிறது. ஆனால் பாடத் தயாரிப்பு, பேப்பர் திருத்துவது, ஆராய்ச்சி, ஆபீஸ் காகிதங்கள் எல்லாம் மிச்ச நேரத்தில்தான் அடங்கவேண்டும். முதலில் வெட்டுப்படுவது எது என்று நான் சொல்லவேண்டியதில்லை. கௌரவ விரிவுரையாளர் பாடு இன்னும் கஷ்டம். அடுத்த வருஷம் தாம் எங்கே என்பது நிச்சயமில்லாதவரிடம் ஒரு பெண் தன் எதிர்காலத்தைப் பற்றி எப்படிக் கேட்பாள்?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீயே போய் உன் பெயரைச் சொல்லேன், அம்மா" என்றேன்.

"போய் என்ன கேட்பது, மாமா?"

"உனக்கு முன்னால் ரசாயனம் படித்தவர்கள் எங்கெங்கே போனார்கள் என்று கேள்."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை கடைசி வகுப்பு மூன்றரை மணிக்கு முடிகிறதாம். அதற்குப் பிறகு அவர் அறையில் இருப்பாரா என்பதுதான் அவளுக்குச் சந்தேகம்.